மரியாச்சி பிளாசாவைக் கொண்டாடுகிறோம். அங்கே வாசிப்பவர்கள் எங்கே குடியிருப்பது?

கிழக்குக்கரை எழுதியது:

லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் பாயில் ஹைட்ஸ் பகுதியில், முதலாம் தெருவும் பாயில் அவென்யூவும் சந்திக்கும் முனையில் இருக்கும் மரியாச்சி பிளாசாவைப் பற்றி இங்கே ஓர் இழை வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். மரியாச்சி என்பது வயலினும் டிரம்பெட்டும் கிதாரும் சேர்ந்த மெக்சிக மரபிசை; பிளாசா என்றால் சதுக்கம். மெட்ரோவின் ஈ தடத்தில் நகர மையத்திலிருந்து கிழக்கே வந்து, சுரங்க நிலையத்தின் நகரும் படியில் மேலேறினால், நேரே அந்தச் சதுக்கத்தில்தான் கால் வைப்போம். கல்லில் செதுக்கிய வட்டமான இசை மண்டபம் ஒன்று நடுவில் நிற்கிறது. மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநில அரசு 1998-இல் அன்பளிப்பாகக் கொடுத்தது அது. ‘ரான்செரா’ என்னும் மெக்சிக நாட்டுப்புறப் பாட்டு வகையின் பாடகி லூச்சா ரேயெஸின் சிலை இருக்கிறது. எதிரே செங்கல்லால் கட்டிய, 1889-ஆம் ஆண்டுப் பாயில் ஹோட்டல். இவற்றையெல்லாம் படம் எடுத்துக்கொண்டு அடுத்த ரயிலில் திரும்பிவிடுகிறவர்கள் பலர்.

நான் பேச விரும்புவது அவர்கள் படத்தின் ஓரத்தில் விழுகிற மனிதர்களைப் பற்றி. வெள்ளிப் பொத்தான் வரிசை வைத்த கறுப்பு உடையில், வயலின் பெட்டியையோ டிரம்பெட் பெட்டியையோ காலடியில் வைத்துக்கொண்டு, யாராவது வந்து கச்சேரிக்கு அழைக்க மாட்டார்களா என்று அவர்கள் நின்றுகொண்டிருக்கிறார்கள். ஓரமாக நிற்கும் வேன்களின் பக்கவாட்டில் குழுவின் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதியிருக்கும். முக்கால் நூற்றாண்டுக்கு மேலாக மரியாச்சிக் கலைஞர்கள் வேலைக்காகக் கூடும் முனை இது. மண்டபமும் சிலையும் ரயிலும் அதற்குப் பிறகு வந்தவை. அதாவது, சதுக்கம் அமைத்ததால் கலைஞர்கள் வரவில்லை. கலைஞர்கள் நின்றதால்தான் அது சதுக்கமாயிற்று. இந்த வரிசையை மறந்துவிட்டு அந்த இடத்தைப் பற்றி எடுக்கப்படும் எந்த முடிவும் தவறாகவே போகும் என்பது என் எண்ணம். ரயில் வந்து இடம் அழகாகி, பக்கத்தில் வாடகை ஏற ஏற, அவர்கள் அங்கே குடியிருக்க முடியுமா என்பதே என் கவலை.

வரைபடப்பிரியன் எழுதியது:

நல்ல தொடக்கம். அந்த முனை எப்படி உருவானது என்பதற்குச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும். ஆண்ட்ரூ பாயில் என்ற ஐரிஷ்காரர் 1858-இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஆற்றுக்குக் கிழக்கே நிலம் வாங்கினார். அவருடைய மருமகன் வில்லியம் வொர்க்மன் 1875-இல் அதை மனைகளாகப் பிரித்து விற்றபோது மாமனாரின் பெயரை வைத்தார். அதற்கு முன்பு அந்த மேட்டுக்கு ஸ்பானிய மொழியில் ‘பரெடோன் பிளாங்கோ’, அதாவது வெள்ளைச் சுவர் மேடு என்று பெயர். ஆகவே, ‘மெக்சிகர்கள் பிற்பாடு வந்து குடியேறிய பகுதி’ என்ற பேச்சே சரியில்லை. பெயர்தான் பிற்பாடு வந்தது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அங்கே யூதர்களும் ஜப்பானியர்களும் ரஷ்யர்களும் மெக்சிகர்களும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்தார்கள். நகரின் மற்றப் பகுதிகளில் வெள்ளையர் அல்லாதோருக்கும், பல இடங்களில் யூதர்களுக்கும், வீடு விற்கக் கூடாது என்று பத்திரங்களிலேயே எழுதி வைத்திருந்தார்கள். அந்தத் தடை குறைவாக இருந்த இடம் பாயில் ஹைட்ஸ். அப்படிக் கலந்து வாழ்ந்ததையே குற்றமாகக் கணக்கிட்டு, 1939-இல் கூட்டரசின் வீட்டுக்கடன் நிறுவனம் தன் வரைபடத்தில் அந்தப் பகுதிக்குச் சிவப்பு நிறம் பூசியது. சிவப்பு என்றால் கடன் கொடுப்பது ஆபத்து என்று பொருள். கடன் கிடைக்காத தெருவில் வீடு வாங்குவது எப்படி? தலைமுறை தலைமுறையாக வாடகைக்காரர்களாகவே இருந்தார்கள். இன்றும் அங்கே நான்கில் மூன்று குடும்பங்கள் வாடகை வீட்டில்தான் இருக்கின்றன. பிளாசாவின் இன்றைய சிக்கலுக்கு வேர் அந்தச் சிவப்பு நிறத்தில் இருக்கிறது.

ஓடைமரம் எழுதியது:

ஒரு கேள்வி. நீங்களே சொல்வதுபோல அங்கே யூதர்களும் ஜப்பானியர்களும் வாழ்ந்திருந்தால், நடுச் சதுக்கத்தை மெக்சிக மரபுக்கு மட்டும் ஒதுக்கியது மற்றவர்களின் நினைவை அழிப்பதாகாதா? 1994-இல் புரூக்ளின் அவென்யூவின் பெயரை, மெக்சிக அமெரிக்கத் தொழிலாளர் தலைவரின் நினைவாக, சீசர் சாவேஸ் அவென்யூ என்று மாற்றியபோதும் சில பழைய குடிகளுக்கு வருத்தம் இருந்ததாகப் படித்திருக்கிறேன்.

வரைபடப்பிரியன் எழுதியது:

அந்த வருத்தம் உண்மையானது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் யார் எப்படிப் போனார்கள் என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஜப்பானியர்கள் 1942-இல் அரசு ஆணையால் முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். யூதர்களில் பெரும்பாலோர் போருக்குப் பின், பத்திரத் தடைகள் தளர்ந்ததும், ஃபேர்ஃபாக்ஸ் போன்ற மேற்குப் பகுதிகளுக்குத் தாமே குடிபெயர்ந்தார்கள். மெக்சிகர்கள் இருந்தார்கள்; அவர்களின் குடியிருப்புகளுக்கு நடுவேதான் 1950-களிலும் 60-களிலும் நெடுஞ்சாலைகளை வெட்டினார்கள். இப்போது அந்தச் சிறிய பகுதியைச் சுற்றியும் ஊடுருவியும் ஐந்து விரைவுச் சாலைகள் ஓடுகின்றன.

மேலும், சேர்ந்து வாழ்ந்ததற்கு ஓர் அரசியல் சான்றும் உண்டு. 1949-இல் எட்வர்ட் ராய்பல் நகர மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1880-களுக்குப் பிறகு அந்த மன்றத்தில் அமர்ந்த முதல் மெக்சிக அமெரிக்கர் அவர். மெக்சிகர்களின் வாக்கு மட்டும் போதாமல், யூதர்கள் உள்ளிட்ட மற்றவர்களின் ஆதரவும் சேர்ந்துதான் அவர் வென்றார். பிரீட் தெருவில் உள்ள பழைய யூதக் கோயில் கட்டடம் இன்றும் இருக்கிறது. ஒரு தெருமுனை மரியாச்சியின் பெயரில் இருப்பதால் அது மறைந்துவிடவில்லை.

நகரத்திட்டம் எழுதியது:

கிழக்குக்கரை நண்பரின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் ரயிலைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். முதலாம் தெருவில் ஒரு காலத்தில் பி தடத்து மஞ்சள் டிராம் ஓடியது. 1963-இல் அதை நிறுத்தினார்கள். நெடுஞ்சாலைகளின் புகையும் இரைச்சலும் மட்டும் இந்தப் பகுதிக்கு வந்தன. கார் இல்லாத குடும்பங்களுக்கு அவற்றால் பயன் மிகக் குறைவு. நாற்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 2009 நவம்பர் 15 அன்று, கிழக்கு நீட்டிப்பு திறக்கப்பட்டபோதுதான் அவர்களுக்குத் தண்டவாளம் திரும்பக் கிடைத்தது. அந்த ஆறு மைல் தடத்தில் பூமிக்கடியில் கட்டியவை இரண்டே நிலையங்கள், அதில் ஒன்று மரியாச்சி பிளாசா. வேலைக்கு நகர மையத்துக்குப் போகும் பெண்களையும், மருத்துவமனைக்குப் போகும் முதியவர்களையும் காலை வேளையில் அந்த நிலையத்தில் பார்த்தவர் யாரும் ரயில் வந்தது தவறு என்று சொல்ல மாட்டார்கள். ரயில் வந்தால் வாடகை ஏறும் என்பதற்காக ஏழைகளின் தெருவுக்கு ரயிலே கூடாது என்று முடிவு கட்டினால், அது இன்னொரு வகைச் சிவப்பு வரைபடமாகிவிடும்.

கிழக்குக்கரை எழுதியது:

ரயில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நகரத்திட்டம் ஐயா. நானே அதில்தான் போய்வருகிறேன். நிலையத்துக்காக வாங்கிய நிலத்தில், மிச்சப்பட்ட இடத்தை என்ன செய்வது என்று தீர்மானித்தவர்கள் யார் என்பதே என் கேள்வி. 2014-இன் இறுதியில் பிளாசாவை ஒட்டிய மெட்ரோ நிலத்துக்கு ஒரு திட்டம் முன்வைக்கப்பட்டது. மருத்துவ அலுவலகங்கள், கடைகள், பல அடுக்கு வாகன நிறுத்தம் எல்லாம் அதில் இருந்தன. குடியிருப்பதற்கு ஒரு வீடுகூட இல்லை. அக்கம்பக்கத்தார் கூட்டம் கூட்டமாக வந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அடுத்த ஆண்டு அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. எதிர்த்தவர்களின் குறை கட்டடத்தின் உயரத்தைப் பற்றியது மட்டுமன்று. தங்களிடம் கேட்காமலேயே வரைந்துவிட்டுப் பிறகு கருத்துக் கேட்க வந்தார்கள் என்பதுதான் அவர்களை அதிகம் சுட்டது.

வயலின்மாணவி எழுதியது:

எல்லோரும் கட்டடங்களைப் பற்றியே பேசுகிறீர்கள். மரியாச்சி வயலின் கற்றுக்கொள்ளச் சில ஆண்டுகள் அந்தப் பகுதிக்குப் போய்வந்தவள் என்ற முறையில், அந்த முனையில் வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். அது தெரிந்தால் இடம் ஏன் முக்கியம் என்பதும் விளங்கும்.

ஒரு முழுக் குழு என்றால் வயலின்கள், இரண்டு டிரம்பெட், ஒரு கிதார், ஐந்து தந்தி கொண்ட சிறிய விகுவேலா, ஆறு தந்தி கொண்ட பெரிய வயிறுடைய கிதாரோன் ஆகியவை சேரும். பத்துப் பேர் சேர்ந்த குழுவும் உண்டு, கையில் உள்ள பணத்துக்கேற்ப நால்வரை மட்டும் அழைப்பவர்களும் உண்டு. பெண்பிள்ளையின் பதினைந்தாம் பிறந்தநாளான கின்சியான்யேரா, திருமணம், ஞானஸ்நானம், அன்னையர் தினத்து விடியற்காலை, கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் என்று வாழ்வின் எல்லா நாளுக்கும் அவர்களை அழைக்கிறார்கள். கூலி ஆளுக்கு, மணிக்கு என்று பேசப்படும். 2010-களில் அந்த முனையின் கலைஞர்கள் சங்கம் சேர்ந்து, மணிக்கு ஆளுக்கு 50 டாலருக்குக் குறைந்து வாசிப்பதில்லை என்று நிலைநிறுத்தப் பார்த்தார்கள். ஏனென்றால் பாடம் சரியாகத் தெரியாத புதியவர்கள் பாதிக் கூலிக்கு இறங்கி, தொழிலையே கெடுத்துக்கொண்டிருந்தார்கள். வேலை கிடைக்காத இரவில் உணவகம் உணவகமாகப் போய், மேசைக்கு மேசை, பாட்டுக்கு இவ்வளவு என்று வாசிப்பார்கள். அதற்கு ‘அல் தலோன்’ என்று பெயர். தேய்வது குதிகால், அதனால் அந்தப் பெயர்.

இப்போது இடத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை மதியம் ஒரு குழுவின் டிரம்பெட்காரருக்கு உடம்பு சரியில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலை நான்கு மணிக்குத் திருமணம். குழுத்தலைவர் பிளாசாவுக்கு வந்து நின்றால் பத்தே நிமிடத்தில் இன்னொருவர் வேனில் ஏறிவிடுவார். முன்பின் பார்த்திராத இருவர் ஒத்திகையே இல்லாமல் சேர்ந்து வாசிக்க முடிவது எப்படி? நூற்றுக்கணக்கான பாடல்கள் எல்லோருக்கும் பொதுவாக மனப்பாடம். எந்தச் சுருதியில் என்று ஒரு சொல் சொன்னால் போதும். யுனெஸ்கோ 2011-இல் மரியாச்சியை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது. அந்தச் செல்வம் எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டால், வேனில் புதிதாக ஏறிய அந்த மனிதரின் நினைவில் இருக்கிறது என்பேன்.

தெற்குத்தெரு எழுதியது:

மன்னிக்க வேண்டும், அறியாமல்தான் கேட்கிறேன். இப்போது எல்லாம் கைப்பேசியில் முடிந்துவிடுகிறதே? முகநூலில் காணொளி பார்த்துக் குழுவைப் பதிவு செய்கிறார்கள். அப்படியிருக்க, கலைஞர்கள் அந்த முனைக்குப் பக்கத்திலேயே குடியிருக்க வேண்டிய தேவை என்ன? வாடகை குறைவான வேறு ஊருக்குப் போய், வேலை இருக்கும்போது வந்துபோகலாமே?

வயலின்மாணவி எழுதியது:

கைப்பேசி வந்தபின் நிற்பவர்களின் எண்ணிக்கை குறைந்திருப்பது உண்மை. ஆனால் கைப்பேசியில் அழைப்பு யாருக்கு வரும்? ஏற்கெனவே பெயர் எடுத்தவருக்கு வரும். மெக்சிகோவிலிருந்து நேற்று வந்த கிதாரோன்காரருக்கும், பதினெட்டு வயதில் முதல் முதலாக உடை தைத்துப் போட்டுக்கொண்ட இளைஞருக்கும் எண் யாரிடமும் இருக்காது. அவர்கள் அங்கே வந்து நின்று, ஒருவர் வாசிப்பதை இன்னொருவர் கேட்டுத்தான் பெயர் எடுக்க வேண்டும்.

தொலைவைப் பற்றி: வேலை முடிந்து பன்னிரண்டு மணிக்கு மேல் திரும்புகிற தொழில் இது. பெரிய கிதாரோனை வைத்துக்கொண்டு நள்ளிரவில் இரண்டு பேருந்து மாறி எழுபது மைல் போக முடியாது. பெருந்தொற்றுக் காலத்தில் விழாக்கள் எல்லாம் நின்றுபோய், அடக்கங்களுக்கு மட்டுமே அழைப்பு வந்த அந்த மாதங்களில், ஒருவர் வீட்டில் அரிசி இருக்கிறதா என்று இன்னொருவர் போய்ப் பார்க்க முடிந்ததற்குக் காரணம், அவர்கள் நடந்து போகிற தூரத்தில் குடியிருந்ததுதான்.

கிழக்குக்கரை எழுதியது:

தெற்குத்தெருவின் கேள்விக்கு 2017-ஆம் ஆண்டே ஒரு பதில் வைத்திருக்கிறது. பிளாசாவிலிருந்து கூப்பிடு தூரத்தில், இரண்டாம் தெருவில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம். அதில் மரியாச்சிக் கலைஞர்களும் குடியிருந்தார்கள். அந்த ஆண்டு சில வீடுகளுக்கு வாடகையை ஒரே தாவலில் 60 முதல் 80 விழுக்காடு வரை உயர்த்தி அறிவிப்பு வந்தது. நகரின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1978 அக்டோபருக்கு முன் கட்டி முடித்த கட்டடங்களுக்கே பொருந்தும். இது அதற்குப் பிந்தியது. ஆகவே சட்டப்படி அந்த உயர்வைத் தடுக்க வழியில்லை.

குடியிருந்தவர்கள் தனித்தனியாக மன்றாடுவதை விட்டுவிட்டு, வாடகைக்காரர் சங்கத்தின் துணையோடு, எல்லோருக்கும் சேர்த்து ஒரே பேச்சுவார்த்தை வேண்டும் என்று கேட்டு வாடகை கொடுப்பதை நிறுத்தினார்கள். வெளியேற்ற வழக்குகள் வந்தன. உடையணிந்து, வாத்தியங்களோடு தெருவில் இறங்கினார்கள். ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் கழித்து, 2018 பிப்ரவரியில், உடன்பாடு ஏற்பட்டது: உடனடி உயர்வு 14 விழுக்காடு; மூன்றரை ஆண்டு ஒப்பந்தம்; அதன்பின் ஆண்டுக்கு 5 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்தக் கூடாது; ஒப்பந்தம் முடிந்ததும் மறுபடியும் எல்லோருமாகப் பேசும் உரிமை. கடைசியாகச் சொன்னதுதான் பெரிய வெற்றி என்பேன், ஏனென்றால் வாடகைக்காரர்கள் கூட்டாகப் பேரம் பேசுவதற்கு அந்த நகரில் சட்டத்தின் கட்டாயம் எதுவும் இருக்கவில்லை.

அந்த அறிவிப்பில் என்னை உறுத்தியது ஒன்றுண்டு. பிளாசா எந்த அளவுக்கு அழகாகிறதோ அந்த அளவுக்கு அதன் பக்கத்து வீடுகளுக்கு மதிப்புக் கூடுகிறது. அந்த மதிப்பைத் தங்கள் வாசிப்பால் உண்டாக்கிக் கொடுத்தவர்களிடமே அதற்கான விலையை வாடகையாகக் கேட்கிறார்கள்.

நகரத்திட்டம் எழுதியது:

இந்த இடத்தில் உங்களோடு உடன்படுகிறேன். 2020 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த மாநிலச் சட்டம், பதினைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட அடுக்குமாடிகளில் வாடகை உயர்வை ஆண்டுக்கு விலைவாசியோடு 5 விழுக்காடு, எப்படியும் 10 விழுக்காட்டுக்கு மிகாமல் என்று கட்டுப்படுத்துகிறது. 80 விழுக்காடு என்ற தாவல் இன்று சட்டப்படி நடக்காது. ஆனால் ஆண்டுதோறும் பத்துப் பத்தாக ஏறினாலும் எட்டாம் ஆண்டில் வாடகை இரண்டு மடங்காகிவிடுமே.

பாயில் ஹோட்டலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழுதடைந்து, சமையலறை இல்லாத அறைகளில் கலைஞர்கள் நெருங்கிக் குடியிருந்த அந்தக் கட்டடத்தை ‘மரியாச்சி ஹோட்டல்’ என்றே அழைத்தார்கள். கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸ் சமூகக் கழகம் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு அதை வாங்கிப் புதுப்பித்து, பக்கத்தில் ஒரு புதுக் கட்டடமும் சேர்த்து, 2012-இல் குறைந்த வாடகையில் 51 வீடுகளாகத் திறந்தது. மெட்ரோ நிலத்தில் சான்டா செசிலியா என்ற பெயரில் 80 வீடுகளும் எழுந்திருக்கின்றன. இவை நல்ல பணிகள். என் துறையில் நான் காணும் முட்டுக்கட்டை வேறு: இத்தகைய வீட்டுக்கு விண்ணப்பிக்க வருமானச் சான்று வேண்டும். ரொக்கமாகக் கூலி வாங்கி, ஒரு மாதம் முப்பது கச்சேரி, அடுத்த மாதம் நான்கு என்று பிழைப்பவரிடம் சம்பளச் சீட்டு இருக்காது. கலைஞர்களின் பெயரால் கட்டிய வீட்டின் விண்ணப்பப் படிவமே கலைஞரை வடிகட்டிவிடக் கூடும். படிவத்தை மாற்றுவது கட்டடம் கட்டுவதைவிட எளிது. அதையாவது முதலில் செய்யலாம்.

ஓடைமரம் எழுதியது:

சான் டியாகோ நகரின் சிக்கானோ (அதாவது மெக்சிக அமெரிக்கர்) பூங்காவோடு ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு தெரிகிறது. 1969-இல் கொரொனாடோ பாலம் லோகன் குடியிருப்பின் தலைக்கு மேலே எழுந்தது. அதனடியில் பூங்கா தருவதாகச் சொல்லியிருந்த நிலத்தில், 1970 ஏப்ரல் 22 அன்று, நெடுஞ்சாலைக் காவல் நிலையம் கட்ட மண்வாரி இயந்திரங்கள் வந்தன. மக்கள் போய் அமர்ந்து, பன்னிரண்டு நாள் நகராமல், கையால் மண் கொத்திச் செடி நட்டு அந்த இடத்தை வாங்கினார்கள். 1973 முதல் பாலத்தின் தூண்களில் ஓவியம் தீட்டினார்கள். 2016-இல் அது தேசிய வரலாற்றுச் சின்னமாகிவிட்டது. அங்கே நிலத்தின் மேல் குடியிருப்பாளர்களின் குழுவுக்குச் சொல் இருக்கிறது. மரியாச்சி பிளாசாவிலோ, நிலம் போக்குவரத்துத் துறையுடையது. நிற்பவர்களுக்கு நிற்கும் வழக்கம் மட்டுமே உண்டு.

வரைபடப்பிரியன் எழுதியது:

சரியான ஒப்பீடு. இதே நகரில் அதற்கு நேர் எதிரான உதாரணமும் இருக்கிறது. 1930 ஏப்ரலில் பழைய பிளாசாவை ஒட்டி ஓல்வேரா தெருவை ‘மெக்சிகச் சந்தை’ என்று அலங்கரித்துத் திறந்தார்கள். பத்தே மாதங்கள் கழித்து, 1931 பிப்ரவரி 26 அன்று, அதே பிளாசாவின் வாயில்களை அடைத்து, உள்ளே இருந்த ஏறத்தாழ நானூறு பேரைக் குடியேற்ற அதிகாரிகள் நிறுத்திவைத்து விசாரித்தார்கள். அடுத்த ஆண்டு மெக்சிக ஓவியர் டேவிட் சிக்கெய்ரோஸ் அதே தெருவின் சுவரில், சிலுவையில் அறையப்பட்ட பழங்குடி மனிதனை வரைந்தார். அதைச் சுண்ணாம்பு பூசி மறைத்தார்கள். 2012-இல்தான் மீண்டும் மக்கள் பார்வைக்கு வந்தது. பண்பாட்டுக்குத் தோரணம் கட்டிய கையும், அந்தப் பண்பாட்டுக்குரியவர்களைப் பிடித்த கையும் ஒரே ஊரில், ஒரே சதுக்கத்தில் இருந்தன. பாயில் ஹைட்ஸ் மக்கள் அழகுபடுத்தும் திட்டங்களைச் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள் என்றால், அந்தச் சந்தேகத்துக்கு வயது தொண்ணூறுக்கு மேல்.

தெற்குத்தெரு எழுதியது:

என் கேள்விக்கு இவ்வளவு பொறுமையாகப் பதில் எழுதியதற்கு நன்றி. என் மாமியாரோடு பல ஆண்டுகள் ஒரே பள்ளிச் சமையற்கூடத்தில் வேலை பார்த்த மெக்சிக அம்மையார் ஓய்வு பெறுகிறார். அவருக்காக ஒரு மணி நேரக் கச்சேரி வைக்க விரும்புகிறோம். இணையத்தில் ஒரு குழுவைப் பார்த்து வைத்திருந்தேன். இப்போது நேரில் போய்ப் பேசலாம் என்று தோன்றுகிறது. எப்படிப் பேச வேண்டும்?

வயலின்மாணவி எழுதியது:

வார இறுதியில் அவர்கள் கச்சேரிக்குக் கிளம்பிவிடுவார்கள். வியாழன் அல்லது வெள்ளி முற்பகலில் போங்கள். எத்தனை பேர், எத்தனை மணி நேரம், எந்த ஊர் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். பயண நேரத்துக்குத் தனியாகக் கேட்டால் கொடுங்கள், அது நியாயம்தான். ஐந்து பேருக்குக் குறையாமல் வையுங்கள், டிரம்பெட் இல்லாவிட்டால் திறந்தவெளியில் எடுபடாது. ஒரு பாட்டு வாசித்துக் காட்டச் சொன்னால் அங்கேயே வாசிப்பார்கள். நவம்பர் 22, இசைக்குக் காவல் புனிதையான சான்டா செசிலியாவின் திருநாள். அதையொட்டிய நாளாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், அன்று அவர்களுக்குச் சொந்த விழா இருக்கும். அந்த அம்மையார் மெக்சிகோவில் எந்த மாநிலத்துக்காரர் என்று கேட்டுக்கொண்டு போங்கள். அதைச் சொன்னால், முதலில் எதை வாசிப்பது என்று அவர்களே முடிவு செய்துகொள்வார்கள்.